நீண்ட ஆங்கிலச் சொல் எங்கே பிசகுகிறது? வாலிலிருந்து தேடுங்கள்

செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்கான நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி ஒரு நாள் முகம் வாடி வந்தாள். "தொலைபேசியில் மூன்று முறை சைக்யாட்ரி என்று சொன்னேன் சார். மூன்று முறையும் அந்த அம்மாள் எந்தப் பிரிவு என்றே கேட்டார்கள். கடைசியில் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்" என்றாள்.

சொல்லிக் காட்டச் சொன்னேன். மெய்யெழுத்து ஒன்றுகூடத் தவறவில்லை. தவறியவை வேறு இரண்டு. நான்கு அசை கொண்ட சொல் அவள் வாயில் மூன்றாகியிருந்தது. அழுத்தமோ முதல் அசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கேட்டவர் காது காத்திருந்தது சை-ˈகை-அட்-ரி என்ற ஒலிக்கு. வந்தது ˈசைக்-யாட்-ரி. அவருக்கு அது வேறு சொல்.

இது அவள் ஒருத்தியின் குறை இல்லை. தமிழ் பேசி வளர்ந்த வாய்க்கு இயல்பாக வருவது. படி, படிப்பு, படிப்பாளி, படிப்பாளிகளுக்காக என்று எத்தனை ஒட்டு சேர்த்தாலும் முதலில் நிற்கும் 'படி' நின்ற இடத்திலேயே நிற்கும், ஒலியும் கெடாது. சொல்லின் தலையைப் பிடித்துக்கொண்டால் போதும், வால் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. ஆங்கிலத்தில் பல பின்னொட்டுகள் அப்படி விடுவதில்லை. வந்து ஒட்டியதும் அழுத்தத்தைத் தம் பக்கம் இழுக்கின்றன. அதனால் நீண்ட ஆங்கிலச் சொல் புரியாமல் போனால் நான் முதலில் பார்ப்பது அதன் கடைசிப் பகுதியைத்தான்.

தொடங்கும் முன் இரண்டு குறிப்பு. அழுத்தம் விழும் அசைக்கு முன்னால், பல அகராதிகள் செய்வதுபோல, மேலே ஒரு சிறு கோடு இட்டிருக்கிறேன். அடுத்தது, இங்கே அசை என்பது யாப்பிலக்கண அசை இல்லை. 'கடல்' யாப்பில் ஒரே நிரையசை. இந்தக் கணக்கில் இரண்டு. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான். நேர், நிரை நன்றாகப் படித்தவர்களே இந்த இடத்தில் அதிகம் குழம்புகிறார்கள்.

அறிகுறி: தெரிந்த சொல்தான், நீண்டதும் யாருக்கும் புரியவில்லை

மிகப் பரவலான பிழை இது. 'ஃபோட்டோகிராஃப்' புரிகிறது, 'ஃபோட்டோகிராஃபி' புரியவில்லை என்றால் காரணம் இதுதான்.

ˈஃபோ-ட-கிராஃப். முதல் அசையில் அழுத்தம்.
ஃப-ˈடாக்-ர-ஃபி. இரண்டாவதற்குத் தாவிவிட்டது.
ஃபோ-ட-ˈகிரா-ஃபிக். மூன்றாவதற்கு.

ஒரே வேர், மூன்று வால், மூன்று இடம். நாம் மூன்றையும் 'ஃபோ' என்று ஓங்கித் தொடங்குகிறோம். நடுவில் உள்ளதைக் கேட்கும் ஆங்கிலேயருக்கு அந்த 'ஃபோ' வழிமறிக்கும் சுவராகிறது.

சரிசெய்யும் வழி: சொல்லின் கடைசி ஒட்டைக் கண்டுபிடியுங்கள். அது இக், ஷன், இட்டி, ஷியன், ஷியல் என்ற ஒலிகளில் முடிகிறதா? அப்படியானால் ஒட்டுக்குச் சற்று முன்னால் உள்ள அசையே அழுத்தம் பெறும். அதற்கு முன்னால் எத்தனை அசை இருந்தாலும் கணக்கில்லை. ˈஹாஸ்-பி-டல் என்பது ஹாஸ்-பி-ˈடா-லி-டி ஆகும். இ-ˈலெக்-ட்ரிக், ஒட்டு மாறியதும் இ-லெக்-ˈட்ரி-சி-டி ஆகும்; அதே இடத்தில் நின்று இ-லெக்-ˈட்ரி-ஷன் என்றும் ஆகும். ˈகா-ரக்-டர் என்ற மூன்றசைச் சொல் கா-ரக்-ட-ˈரிஸ்-டிக் ஆகும்போது அழுத்தம் மூன்று அசை தாண்டிக் குதிக்கிறது.

லஜி, கிரஃபி, க்ரசி என்று முடிபவை கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் கொள்ளும்: பை-ˈஆ-ல-ஜி, டி-ˈமாக்-ர-சி. நீளமான வினைச்சொற்கள் 'ஏட்' என்று முடிந்தாலும் அதே மூன்றாவது: க-ˈம்யூ-நி-கேட். அதன்மேல் 'ஷன்' வந்து ஏறியதும் பழைய விதி முந்திக்கொள்ளும்: க-ம்யூ-நி-ˈகே-ஷன். பல ஒட்டுகள் அடுக்காக நிற்கும்போது கடைசியாக வந்த இழுப்பு ஒட்டின் சொல்தான் எடுபடும். வீட்டில் கடைசியாக வந்த மருமகள் ஆட்சி என்று வகுப்பில் ஒருமுறை சொன்னேன். பெண்கள் முறைத்தார்கள். விதி மட்டும் மறக்கவில்லை.

அறிகுறி: தெருவுக்கு நான்கு பேர் இருந்தும் 'எஞ்சினியர்' புரியவில்லை

ˈஎஞ்-சி-னியர் என்கிறோம். ஆங்கிலத்தில் எஞ்-ஜி-ˈநியர். இந்த வால் அழுத்தத்தை அக்கம்பக்கத்துக்குத் தராமல் தானே வைத்துக்கொள்ளும் வகை. தன்னார்வலருக்கான வா-லன்-ˈடியர், ஜப்பானியருக்கான ஜா-ப-ˈனீஸ், அகதிக்கான ரெ-ஃப்யு-ˈஜீ எல்லாம் இந்தக் கூட்டம். 'கமிட்டி' மட்டும் இதில் சேராது: க-ˈமி-டி.

தமிழில் பேசும்போது இதையெல்லாம் மாற்ற வேண்டாம். 'என் மகன் எஞ்சினியர்' என்று சொல்கையில் அது தமிழ்ச்சொல். நம் ஒலியில்தான் வர வேண்டும். ஹோட்டலும் டெவலப்மென்டும் அப்படியே. தமிழ் வாக்கியத்தின் நடுவே ஹோ-ˈடெல் என்று நுனி நாக்கில் சொல்பவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அறிகுறி: அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தும் ஒட்டவில்லை

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். ஹாஸ்-பி-ˈடா-லி-டி என்று 'டா'வை ஓங்கிச் சொல்கிறார்கள், ஆனால் மற்ற நான்கையும் அதே கனத்தில் சொல்கிறார்கள். எல்லாரும் உரக்கப் பேசும் அறையில் ஒருவர் இன்னும் உரக்கக் கத்தினால் யார் காதில் விழும்? ஆங்கிலத்தில் அழுத்தம் என்பதில் பாதி வேலை ஓங்குவது. மறுபாதி, மற்ற அசைகளைச் சுருக்குவது.

சுருங்கிய உயிருக்கு ஒலியியலில் ஷ்வா என்று பெயர். வாயைப் பாதி திறந்து, உதட்டைக் குவிக்காமல், 'அ'வை அரைகுறையாக விட்டால் வரும். ஆங்கிலத்தில் மிக அதிகமாக ஒலிக்கும் உயிர் இதுதான், ஆனால் அதற்கென்று ஓர் எழுத்து கிடையாது. ஐந்து உயிரெழுத்தும் முறைவைத்து அந்த வேலையைச் செய்கின்றன. மருத்துவமனைக்கான சொல்லில் கடைசி அசையின் 'ஏ' எழுத்து அரைத்தூக்கத்தில் இருக்கிறது. விருந்தோம்பலுக்கான சொல்லில் அதே எழுத்து விழித்துக்கொண்டு முழு உயிராகிறது. ஃபோட்டோகிராஃபில் விழித்திருந்த முதல் 'ஓ', அடுத்த சொல்லில் தூங்கிப்போய் வெறும் 'ஃப' ஆகிறது. அழுத்தம் நகர்ந்தால் விழிப்பும் தூக்கமும் இடம் மாறும்.

நமக்கு இது அந்நியம் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. பள்ளியில் ஐகாரக்குறுக்கம் படித்தோமே! தனியே இரண்டு மாத்திரை ஒலிக்கும் ஐகாரம் சொல்லின் முதலில் ஒன்றரையாகவும், இடையிலும் கடையிலும் ஒன்றாகவும் குறையும். 'ஐவர்' என்பதில் உள்ள ஐயும் 'வளையல்' என்பதில் உள்ள ஐயும் ஒரே நீளமா? 'பாக்கு', 'நாடு' ஆகியவற்றின் கடைசி உகரம் அரை மாத்திரைதான். நிற்கும் இடத்தைப் பொறுத்து உயிர் சுருங்கும் என்பது நம் இலக்கணத்துக்குப் பழகிய செய்தி. 'நாடு' என்பதன் கடைசியில் உகரத்தை எவ்வளவு இலேசாக விடுகிறீர்களோ, அழுத்தமில்லாத ஆங்கில அசையையும் அவ்வளவு இலேசாக விடுங்கள். இதைச் சொன்ன மறு நிமிடமே வாய் இளகிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பேண்டை இரு கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளுங்கள். அழுத்த அசையில் இழுங்கள், மற்றவற்றில் தளர விடுங்கள். பொறுப்புக்கான ஆறசைச் சொல்லை எடுப்போம்: ரி-ஸ்பான்-ச-ˈபி-லி-டி. 'பி'யில் முழு இழுப்பு. 'ஸ்பான்'னில் கால் இழுப்பு. காரணம் உண்டு: அடிச்சொல்லான ரி-ˈஸ்பான்-சி-பிள் என்பதில் அதுதான் அரசாண்டது, ஒட்டு வந்ததும் பதவி இறங்கித் துணை அழுத்தமாக நிற்கிறது. அகராதியில் அசைக்கு முன் கீழே இடப்படும் சிறு கோடு இந்தத் துணையைத்தான் குறிக்கிறது. சில அமெரிக்க அகராதிகள் கோட்டை அசைக்குப் பின்னால் இடும். முன்பக்கத்தில் உள்ள விளக்கக் குறிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் ஓர் அசை தள்ளியே படித்தவர்கள் இருக்கிறார்கள்.

அறிகுறி: எண்ணினால் ஓர் அசை கூடுகிறது, அல்லது குறைகிறது

தாடைக்குக் கீழே புறங்கையை வையுங்கள். தாடை இறங்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அசை. ஓரளவு நம்பலாம்.

கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நம் உகரம். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ஆகவே வாய் தானாக ஓர் உகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. நடந்தான் என்பதற்கான ஆங்கில இறந்தகால வினை 'வாக்ட்' என்று ஒரே அசை. நாம் 'வாக்குடு' என்று மூன்றாக்குகிறோம். இறந்தகால ஒட்டு தனி அசையாவது, வேர்ச்சொல் வன்மையான 'ட்' ஒலியிலோ (t) மென்மையான 'ட்' ஒலியிலோ (d) முடியும்போது மட்டும்: 'வான்-டெட்' இரண்டு அசை. மற்ற இடங்களில் அது வெறும் மெய்யாக ஒட்டிக்கொள்ளும்: டி-ˈவெல்-அப்ட், மூன்றே அசை. 'இஸ்டேஷன்' என்று முன்னால் ஓர் இகரம் சேர்ப்பதும் இதே நோய்.

குறைவது அரிது. அது நேரும் இடம் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நிற்குமிடம். அந்த மாணவியின் சொல் அப்படித்தான் நான்கிலிருந்து மூன்றானது. உச்சரிப்பு என்பதற்கான சொல்லிலேயே உச்சரிப்புப் பிழை நடக்கிறது என்பது ஆங்கிலத்தின் குறும்பு: ப்ர-நன்-சி-ˈயே-ஷன், ஐந்து அசை. வினைச்சொல்லில் 'நவுன்ஸ்' உண்டு. பெயர்ச்சொல்லில் அது 'நன்' ஆகிவிடும், எழுத்திலும் ஒரு 'ஓ' குறையும்.

சில சொற்களில் ஆங்கிலேயரே ஓர் அசையை விழுங்குவார்கள். வசதியான என்பதற்கு ˈகம்ஃப்-ட-பிள், காய்கறிக்கு ˈவெஜ்-ட-பிள். இரண்டும் மூன்றுதான். எழுத்தைப் பார்த்து 'டேபிள்' என்று மேசையைக் கொண்டுவந்து போடாதீர்கள்.

அறிகுறி: விதியைப் படித்த பிறகு, சரியாக இருந்த சொற்களும் கெட்டுப்போயின

நல்ல அறிகுறி இது. படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள். எல்லா வாலும் இழுக்காது. நெஸ், லெஸ், ஃபுல், லி, மென்ட், ஷிப், ஹூட் ஆகியவை நம் தமிழ் ஒட்டுகளைப்போலச் சாது. அடிச்சொல்லில் அழுத்தம் எங்கே இருந்ததோ அங்கேயே விட்டுவிடும். டி-ˈவெல்-அப் என்றால் டி-ˈவெல்-அப்-மென்ட். வார இறுதியில் விதி படித்துவிட்டு வந்த ஒருவர் திங்கட்கிழமை டெ-வ-லப்-ˈமென்ட் என்றார். முதலில் தலையில் இருந்த பிழை வாலுக்குப் போயிருந்தது. நடுவில் இருக்கும் 'வெல்' இரண்டு முறையும் தப்பிவிட்டது.

'ஏபிள்' பாதிச் சாது. பெரும்பாலும் தொடாது. ஆனால் வியத்தல் என்னும் அட்-ˈமயர், வியக்கத்தக்க என்று ஆகும்போது ˈஆட்-ம-ர-பிள். ஒப்பிடத்தக்கது என்பதும் ˈகாம்-ப-ர-பிள் என்று தலைக்கு ஓடும்.

'இக்' விதிக்குச் சில முரடர்கள் உண்டு. ˈஆ-ர-பிக், ˈபா-லி-டிக்ஸ், ˈலூ-ன-டிக், எண்கணிதத்துக்கான அ-ˈரித்-ம-டிக். 'ஷன்' குடும்பத்தில் ˈடெ-லி-வி-ஷன். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை, ஆனால் பட்டியல் சிறியதுதான். இன்னும் சில சொற்களில் பிரிட்டனும் அமெரிக்காவும் பிரிந்து நிற்கின்றன. ஆய்வுக்கூடத்தை லண்டனில் ல-ˈபா-ர-ட்ரி என்பார்கள், நியூயார்க்கில் ˈலாப்-ர-டோ-ரி. விளம்பரம் பிரிட்டனில் அட்-ˈவர்-டிஸ்-மென்ட். அமெரிக்காவில் பலர் மூன்றாம் அசையை அழுத்துவார்கள். யாரோடு பேசப்போகிறீர்களோ அந்த ஊர் அகராதியைத் திறங்கள்.

அறிகுறி: எழுதும்போது ஓர் எழுத்தா, இரண்டா?

உச்சரிப்பைப் பற்றிக் கவலையே இல்லை, தேர்வுதான் முக்கியம் என்பவர்கள் இங்கே வரலாம். 'விரும்பினார்' என்ற பொருளில் வரும் 'ப்ரிஃபர்டு' இரண்டு 'ஆர்' கேட்கிறது. 'ப்ரெஃபரன்ஸ்' ஒன்றோடு நிற்கிறது. ஏன்? ப்ரி-ˈஃபர் கடைசி அசையில் அழுத்தம் கொண்டது. இறந்தகால ஒட்டு சேர்ந்தும் அங்கேயே அழுத்தம் இருப்பதால் கடைசி மெய் இரட்டிக்கும். ˈப்ரெ-ஃப-ரன்ஸ் ஆனதும் அழுத்தம் தலைக்கு ஓடிவிட்டது, இரட்டிப்பும் போய்விட்டது. 'ரெஃபர்டு' இரண்டு, 'ரெஃபரன்ஸ்' ஒன்று என்பதும் இதனால்தான். பி-ˈகின் சொல்லில் 'கின்னிங்' என்று இரண்டு 'என்'; ˈஓ-பன் சொல்லில் ஒன்றே. முன்னால் ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யும் இருந்து, உயிரில் தொடங்கும் ஒட்டு வந்தால்தான் இந்தக் கணக்கு. 'எல்' எழுத்தில் முடியும் சொற்களில் மட்டும் பிரிட்டிஷ் எழுத்துமுறை அழுத்தத்தைப் பார்க்காமல் இரட்டிக்கும். 'ட்ராவல்டு' அதற்குச் சான்று.

அறிகுறி: அகராதிப் புள்ளியை நம்பிப் பிரித்தேன், ஒலி கெட்டது

தலைச்சொல்லின் நடுவே இருக்கும் புள்ளிகள் வரி ஓரத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்பவை. ஒலிப்பிரிவோடு அவை எப்போதும் ஒத்துப்போகா. அறிவு என்னும் சொல்லை அமெரிக்க மரபு ஒலியைப் பார்த்து 'எல்' எழுத்துக்குப் பின் உடைக்கும். பிரிட்டிஷ் மரபு வேரைப் பார்த்து அதற்கு முன் உடைக்கும். தவறான இடத்தில் உடைத்தால் விபரீதம். கொலைக்குற்றத்தைக் குறிக்கும் 'மேன்-ஸ்லாட்டர்' ஓரெழுத்து தள்ளி உடைந்தால் 'மனிதனின் சிரிப்பு' ஆகிவிடும்.

கணினியும் எழுத்தைத்தான் பார்க்கிறது. ஃபிராங்க் லியாங் 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எழுதிய முனைவர் ஆய்வேட்டிலிருந்து வந்த முறைதான் 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளில் சொற்களை உடைக்கிறது. ஆங்கிலத்துக்கு 4,447 எழுத்துக்கோலங்கள், கூடவே 14 விதிவிலக்குச் சொற்கள். அந்தப் பதினான்கில் 'ப்ரசென்ட்', 'ப்ராஜெக்ட்' இரண்டும் உடைக்கப்படாமலேயே நிற்கின்றன. பெயர்ச்சொல்லானால் தலையில் அழுத்தம், வினையானால் வாலில் அழுத்தம். அசைப்பிரிவும் அதற்கேற்ப மாறும். எழுத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பாதி நேரம் தவறும். கை வைக்காமல் விட்டது புத்திசாலித்தனம்.

முன்னொட்டுகளைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லத் தேவையில்லை. அன், ரி, டிஸ் போன்றவை பொதுவாக அழுத்தம் கேட்பதில்லை. பெயரும் வினையும் ஒரே எழுத்தில் வரும் ஈரசைச் சொற்களில் பல இப்படித்தான் தலை மாறும்: ˈரெ-கார்டு பொருள், ரி-ˈகார்டு செயல்.

எல்லாக் கோளாறும் ஒரே சொல்லில்

கணினித் துறையினர் 'ஐ பதினெட்டு என்' என்று சுருக்கி எழுதும் சொல் ஒன்று உண்டு. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே பதினெட்டு எழுத்து, மொத்தம் 20. அதை அடியிலிருந்து கட்டிப் பார்க்கலாம். ˈநே-ஷன், நாடு. 'அல்' சேர்ந்ததும் நெடிலாக இருந்த 'நே' குறுகி, பூனைக்கான ஆங்கிலச் சொல்லில் வரும் உயிராகிறது. தமிழில் இரண்டையும் 'நே' என்றே எழுதுகிறோம், அதனாலேயே இந்த மாற்றம் நம் காதுக்குத் தப்பிவிடுகிறது. முன்னால் 'இன்டர்' வந்து ஒட்டுகிறது, அழுத்தம் அசையவில்லை. 'ஐஸ்' ஒட்டுகிறது, அப்போதும் அசையவில்லை. கடைசியில் 'ஷன்' வருகிறது. அதுவரை மூன்று பேர் அசைக்க முடியாததை அது ஒரே இழுப்பில் பெயர்த்துவிடுகிறது: இன்-டர்-நா-ஷ-ன-லை-ˈசே-ஷன். எட்டு அசை, ஏழாவதில் அழுத்தம், பழைய 'நா'வில் துணை அழுத்தம்.

அந்த மாணவிக்கு இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. சை-ˈகை-அட்-ரி சரியாக வந்ததும், "அப்படியானால் அந்த வார்டை எப்படிச் சொல்வது சார்?" என்று கேட்டாள். கடைசியில் என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, சை-கி-ˈஆட்-ரிக் என்றாள். குழந்தைகள் பிரிவைக் கேட்டேன்: பீ-டி-ˈஆட்-ரிக்ஸ். அதன் மருத்துவர்? விரலால் மேசையில் தட்டி எண்ணிக்கொண்டு, பீ-டி-அ-ˈட்ரி-ஷன் என்றாள். முதியோர் பிரிவை நான் கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, ஜெ-ரி-ˈஆட்-ரிக், ஜெ-ரி-ˈஆட்-ரிக் என்று சொல்லிக்கொண்டு போனாள்.